குடும்பத் தலைவி வெளியேறினார்

எங்கள் ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதித்தான் தெரிய வேண்டும் என்றும் இல்லை. முதுகுளத்தூரில் மினி பஸ் ஏறி, "நெத்திலி உமா வீட்டுப் பக்கம் போகணும்" என்று சொன்னால் போதும், கண்டக்டரே சரியான இடத்தில் இறக்கிவிடுவார். என் பெயர் உமாமகேஸ்வரி. அதற்கு முன்னால் நெத்திலி எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பதுதான் கதை.

முன்பெல்லாம் ஊர்ச் சேதி சேகரிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் வீட்டுக்கும் ராக்கு வீட்டுக்கும் நடுவே இருக்கிற மதில் சரியாக என் மூக்கு உயரம். அதற்கு மேல் பார்க்க வேண்டுமென்றால் காலுக்கு ஒரு செங்கல் வேண்டும். அந்தச் செங்கல்மேல் நின்று நின்று இடது காலில் எனக்கு ஆணி விழுந்திருக்கிறது. குழாயடி, ரேஷன் கடை, மிளகாய்க் களம் என்று ஒரு சேதிக்கு நாலு இடம் அலைய வேண்டும். கிடைத்ததில் பாதி பொய்யாக இருக்கும். மீதி நான் சேர்த்ததாக இருக்கும்.

அப்போதுதான் 'சகலம்' வந்தது. செல்போனில் ஒரே ஒரு ஆப். பஸ் டிக்கெட் அதில்தான், கரண்ட் பில் அதில்தான், மிளகாய் விலை, ஆடு விற்பது, மாத்திரை வாங்குவது, பஞ்சாங்கம், அரட்டை எல்லாம் அதில்தான். முதுகுளத்தூரில் அப்துல் அஜீஸ் கடையில் நானும் ராக்குவும் ஒரே நாளில் ஒரே மாதிரி போன் வாங்கினோம். அவர் மகள் சுஹாதான் சகலத்தை ஏற்றிக் கொடுத்தாள்.

"உமாக்கா, அது எல்லாத்துக்கும் அனுமதி கேக்குது. நீங்க இருக்கிற இடம், வாங்குற சாமான், பேர் நம்பர் எல்லாம். ஒவ்வொண்ணா படிச்சுப் பாத்துட்டுக் குடுங்க."

"படிக்கிறதுக்கு என்னம்மா இருக்கு? நம்மகிட்ட மறைக்க என்ன கிடக்கு? குடு, குடு, எல்லாத்தையும் குடு" என்றேன். என்ன ஒரு தாராளம்!

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. குடும்பமாகச் சேர்ந்தால் பஸ் டிக்கெட்டில் தள்ளுபடி, தண்ணீர் கேன் வாசலுக்கே வரும், ஆள் கூடக் கூடச் சலுகையும் கூடும் என்று சகலம் ஆசை காட்டியது. என் போனில் இருந்த ஒவ்வொரு பெயரையும் காட்டி, 'இவர் உங்கள் குடும்பத்தினரா? ஆம், இல்லை' என்று கேட்டது.

"வீட்டுல உள்ளவக நாலஞ்சு பேரைப் போடுங்கக்கா" என்றாள் சுஹா.

நாலைந்து பேரா? யாரை நான் இல்லை என்பேன்? ராக்கு எனக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி முறை. அவள் வீட்டுக்காரர் சோணைமுத்து அந்த வழியில் கொழுந்தன். கோயில் பூசாரி முனீஸ்வரன் எங்கள் பங்காளி. பிச்சையம்மாளுக்கும் எனக்கும் என்ன முறை என்று கண்டுபிடிக்க இரண்டு கல்யாணங்களைத் தாண்டிப் போக வேண்டும், ஆனாலும் முறை இருக்கிறது. ஒருத்தரை 'இல்லை' என்று அழுத்திவிட்டு, நாளைக்கு அவர் வீட்டுக் காதுகுத்துக்கு எந்த முகத்தோடு போய் உட்காருவது? எல்லோருக்கும் 'ஆம்' போட்டேன். அவர்களுக்கும் கேள்வி போயிருக்கிறது. உமா குடும்பம் இல்லை என்று சொல்ல அவர்களுக்கும் மனசு வருமா? ஊர் மொத்தமும் 'ஆம்' அழுத்தியது. வெளியூருக்குப் பிழைக்கப் போன பிள்ளைகளும் அழுத்தினார்கள். சகலம் எனக்குக் 'குடும்பத் தலைவி' என்று பட்டம் கொடுத்தது. என் மாமியார் உயிரோடு இருந்தவரை எனக்குக் கிடைக்காத பட்டம்.

பிறகுதான் தெரிந்தது, குடும்பம் என்றால் ஒருவர் எங்கே இருக்கிறார், என்ன வாங்கினார், என்ன சாப்பிட்டார் என்பதெல்லாம் மற்ற எல்லோருக்கும் போகும் என்று. வேறு யாராவது என்றால் பதறியிருப்பார்கள். நான் செங்கல்லைத் தூக்கிக் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன்.

அந்த மாதங்கள் என் வாழ்க்கையின் பொற்காலம். வரைபடத்தில் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு புள்ளி. சோணைமுத்துக் கொழுந்தனின் கருகருத் தலைமுடி மாதம் ஒருமுறை பார்சலில் வருகிறது என்று தெரிந்தது. பிச்சையம்மாளின் வீட்டு அதிரசம் பரமக்குடி பலகாரக் கடையில் சுட்டது என்று தெரிந்தது. மிளகாய்க் கொல்லைக்குக் காவல் போகிற என் வீட்டுக்காரர் பாண்டித்துரையின் புள்ளி, கொல்லையில் இல்லாமல் டீக்கடை பெஞ்சில் அசையாமல் கிடந்தது.

"ஏங்க, கொல்லைக்குள்ள எப்ப டீக்கடை வச்சாக?" என்று கேட்டேன். மனுஷன் அன்றிலிருந்து போனைக் கொல்லையில் வேப்ப மரத்தில் கட்டிவிட்டு டீக்கடைக்குப் போகிறார்.

புள்ளி வேறு, ஆள் வேறு என்ற பாடம் அங்கேயே எனக்குக் கிடைத்தது. நான்தான் படிக்கவில்லை.

இந்தப் பொற்காலத்தில் ஒரு ஓட்டையும் விழுந்தது. ராக்குவின் மருமகள் மாலதி, பங்குனி மாதம் சகலத்தில் மருந்துக் கடையிலிருந்து ஒரு பொருள் வாங்கினாள். என்ன பொருள் என்பதை நான் எழுதியிருந்தேன். இதை அச்சுக்கு அனுப்புமுன் மாலதியிடம் படித்துக் காட்டினேன், அவள் அந்த வரியை மட்டும் அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டேன். அவள் புருஷன் பிரபு, அக்காள்மடத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ராமேசுவரம் தீவில், பாம்பனைத் தாண்டி மெயின் ரோட்டில் இருக்கிற ஊர் அது. மாதம் ஒருமுறைதான் வருவான். அவள் அவனிடம் வாய் திறப்பதற்கு முன்பே குழாயடியில் நான் வாழ்த்துச் சொல்லிவிட்டேன். பிரபு வந்துபோன நாளை ஊர் விரல்விட்டு எண்ணியது. கடைசியில் சேதியே இல்லை, ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. அதன்பிறகு மாலதி என்னிடம் பேசவில்லை. குடும்பத்திலிருந்து வெளியேற வேண்டும் என்று சகலத்தில் விண்ணப்பம் மட்டும் போட்டாள். தலைவி ஒப்புக்கொண்டால்தான் வெளியேற முடியும். நான் 'பிறகு' என்பதை அழுத்தினேன். ஆள் குறைந்தால் தள்ளுபடி குறையும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், பக்கத்து வீட்டுப் புள்ளி இல்லாத வரைபடம் எனக்கு உப்பில்லாத குழம்பு.

ஆவணியில் அம்மன் கோயில் திருவிழா வந்தது. எங்கள் பக்கம் முளைப்பாரிதான் திருவிழாவின் உயிர். வேண்டுதல் உள்ள பெண்கள் பானை ஓட்டில் எருவும் மண்ணும் பரப்பி, நவதானியம் விதைத்து, பாரி வீடு என்கிற இருட்டு வீட்டுக்குள் வைத்து முளைக்க விடுவார்கள். கடைசி நாள் அதைத் தலையில் சுமந்து போய் ஊருணியில் கரைக்க வேண்டும். பாரி போட்டவர்களுக்கு ரெண்டு கட்டுப்பாடு. கையில் காப்புக் கட்டியபின் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மீன், கறி என்று எந்தக் கவிச்சியும் வாயில் படக் கூடாது. மீறினால் பாரி சுமக்க முடியாது.

இந்த வருஷம் நானும் பாரி போட்டேன். என் மகள் மதுமதிக்குத் திருப்பூரில் தலைப்பிரசவம். ரத்தம் நிற்கவில்லை, எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொன்னபோது, ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, "ஆத்தா, ரெண்டு உசுரையும் குடுத்துரு, முளைப்பாரி தூக்கி வாரேன்" என்று வேண்டிக்கொண்டேன். ரெண்டையும் கொடுத்துவிட்டாள். வம்பு பேசுகிற வாய்தான் என்னுடையது, ஆனால் அந்த வேண்டுதல் அடிவயிற்றிலிருந்து வந்தது. அதை நிறைவேற்றாமல் விட்டால் என் பேத்தியின் முகத்தை நிம்மதியாகப் பார்க்க முடியாது. அவளையும் தூக்கிக்கொண்டு கடைசி நாளுக்கு மதுமதி வருவதாக இருந்தது.

ராக்குவும் பாரி போட்டிருந்தாள், மகனுக்காக. அவளுடைய பாரி என்னுடையதைவிட ஒரு விரல்கடை உயரமாக வளர்ந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. தினமும் போய் விரல் வைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

காப்புக் கட்டிய சில நாளில், ஒரு காலை, பழக்க தோஷத்தில் சகலத்தைத் திறந்தேன். ராக்குவின் புள்ளி ராமநாதபுரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது! எட்டிப் பார்க்கச் செங்கல் இல்லை, தெருவழியாகப் போய்ப் பார்த்தேன். ராக்கு வீடு பூட்டியிருந்தது. திரும்ப வந்து போனைப் பார்த்தால் புள்ளி மண்டபத்தில். கொஞ்ச நேரத்தில் பாம்பன் பாலத்தில், கடலுக்கு நடுவே. பிறகு அக்காள்மடத்தில் போய் நின்றது.

காப்புக் கட்டிய கையோடு எல்லை தாண்டி மகன் வீட்டுக்குப் போயிருக்கிறாள்! அதுவும் மீன் குழம்பு வாசல்வரை மணக்கிற ஊருக்கு! இந்த லட்சணத்தில் அவள் பாரி ஒரு விரல்கடை உயரம்!

அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாரி வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம். எனக்குத்தான் கையில் சகலம் இருக்கிறதே, கண் எதற்கு, கால் எதற்கு? கையும் களவுமாகப் பிடித்து, அக்காள்மடத்திலேயே நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. நானும் எல்லை தாண்டுகிறேனே என்ற நினைப்பு வராமல் இல்லை. விளக்கு வைக்குமுன் திரும்பிவிட்டால் அது தாண்டியதாகாது என்று சட்டம் இயற்றிக்கொண்டேன். தலைவலி என்று வீட்டில் சொல்லிவிட்டு, கருவேலங்காட்டு வழியாகப் பக்கத்து ஊர் நிறுத்தத்துக்கு நடந்து, முக்காட்டோடு மினி பஸ் ஏறினேன். டிக்கெட் சகலத்தில்தான் போட்டேன். தள்ளுபடி இருக்கிறதே.

அக்காள்மடத்தில் இறங்கி, புள்ளியைப் பிடித்துக்கொண்டு ஐஸ் கம்பெனிச் சந்துக்குள் நுழைந்தேன். அங்கே கயிற்றுக் கட்டிலில் ராக்குவின் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பிரபு.

"பெரியம்மா! நீங்களா? இங்கன எப்படி?"

"உங்க அம்மா எங்கடா?"

"அம்மாவா? ஊருலதான். இன்னைக்குப் பாரிக்குத் தண்ணி தெளிக்கிற முறை அதுக்கு, பாரி வீட்டுக்குள்ள இருக்கும். என் போன் கடல்ல விழுந்துருச்சு பெரியம்மா. நம்ம இமானுவேல் அண்ணன் ஐஸ் வண்டியில அந்தப் பக்கம் போனாரு, அம்மா தன் போனைக் குடுத்துவிட்டுருச்சு."

இரண்டு தெரு தள்ளி இருட்டில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவளைத் தேடி நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன். கட்டிலில் அப்படியே உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன், அவன் வலது கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

"படகுத்துறையில ஐஸ் உடைக்கிற மிசின் பெரியம்மா. ரெண்டு விரலுக்குத் தையல். போனும் அப்பத்தான் விழுந்துச்சு. விரலு தப்பிச்சிருச்சு, மடங்குது பாருங்க. அம்மாகிட்டயும் மாலதிகிட்டயும் மட்டும் சொல்லிராதீங்க. திருவிழாக் கெட்டுப் போகும். கட்டுப் பிரிச்சதும் நானே வந்து சொல்லுதேன்."

"நானா? நான் போய்ச் சொல்லுவனா?" என்றேன். அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். என்னைப் பிறந்ததிலிருந்து தெரிந்த பிள்ளை. காப்புக் கயிற்றைத் தொட்டுச் சத்தியம் செய்து கொடுத்தேன். அவனுக்கு நிம்மதியோ என்னவோ, சாப்பிடாமல் போகக் கூடாது என்று ரோட்டோர மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனான்.

ரசம் சோறுதான் கேட்டேன். சாமி சத்தியமாக ரசம்தான். ஆனால் பரிமாறுகிறவன் விளமீன் குழம்பில் முக்கிய கரண்டியாலேயே ரசத்தை ஊற்றினான். கவிச்சி பட்டுவிட்டது. பட்டது பட்டுவிட்டது, இனி எதற்குப் பாதியில் நிறுத்த வேண்டும் என்று ஒரு யோசனை. பிரபு வேறு இடது கையால் தட்டைத் தள்ளி, என் இலைப் பக்கம் நெத்திலி வறுவலை வைத்தான். காப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு சகலத்தில் காசு கட்டினேன். 'எப்படி இருந்தது?' என்று அது கேட்டது. என்னிடம் கருத்துக் கேட்டு யாராவது ஏமாந்து போனதுண்டா? ஐந்து நட்சத்திரம் போட்டு, 'குழம்பு பிரமாதம். நெத்திலி இன்னும் கொஞ்சம் முறுகலாம்' என்று எழுதினேன்.

திரும்பும் வழியில் ராமநாதபுரத்தில் பஸ் மாற நிற்கும்போது போன் அடித்தது. மாலதி. ஆறு மாதமாகப் பேசாதவள்.

"பெரியத்தை, எங்க இருக்கீக?"

"வீட்டுலதாண்டி. தலைவலி. படுத்துருக்கேன்."

"ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுல, கழிப்பறைக்குப் பக்கத்துல நிக்கிறீக. உங்க புள்ளிய ஊரே பாத்துக்கிட்டு இருக்கு."

முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"காலையில மினி பஸ் ஏறுனதுல இருந்து பாக்குறாக. நீங்க பாம்பன் பாலம் ஏறயில டீக்கடையில கை தட்டுனாகளாம். நெத்திலி முறுகலன்னு எழுதுனீகளே, அத பிச்சையம்மா அப்பாயி கோயில் வாசல்ல சத்தம் போட்டு வாசிச்சுச்சு."

மற்றவர்களைப் பற்றிய சேதியெல்லாம் எனக்கு வந்ததே, என்னைப் பற்றிய சேதி ஏன் எனக்கு வரவில்லை? ஏனென்றால் நம்மைப் பற்றிய சேதி நமக்கு வராது. சகலத்தின் ஏற்பாடு அப்படி. யோசித்துப் பார்த்தால், குழாயடியில் என் ஏற்பாடும் அதுதான்.

"இப்ப நான் சொல்றத கேளுங்க" என்றாள் மாலதி. "நீங்க ஒண்ணும் பேசாதீக. நீங்க பேசுனா காரியம் கெட்டுரும். அத்தை போனு அக்காள்மடம் போயிருக்கு, ஆனா அத்தை பாரி வீட்டுல இருந்துச்சு. அதுக்கு ஊரே சாட்சி. அதே மாதிரி உங்க போனும் இமானுவேல் அண்ணன்கிட்டப் போயிருக்கு, பேட்டரி மாத்த. அவரு ஆளு டிக்கெட் போட்டுப் பஸ்ஸுல கொண்டு போனான், நெத்திலி தின்னதும் அவந்தான். போனை ஆஃப் பண்ணுங்க. நம்ம ஊருக்கு முந்தின நிறுத்தத்துல எறங்குங்க, வண்டி எடுத்துட்டு வாரேன்."

"எதுக்குடி எனக்காக இம்புட்டு?"

"உங்களுக்காக இல்ல. வேண்டுதல் மதுமதி அக்காவுக்கு. பெத்து பொழச்சவ அவ. பொறவு உங்ககிட்ட ஒண்ணு கேப்பேன். இல்லன்னு சொல்லக் கூடாது" என்றாள்.

ஸ்கூட்டியில் என்னை ஏற்றி, மிளகாய்க் கொல்லை வழியாகக் கொண்டுவந்து வீட்டின் பின்வாசலில் இறக்கினாள். வழிநெடுகப் பாடம். "யாரு என்ன கேட்டாலும் 'ஆத்தாளுக்குத் தெரியும்'னு மட்டும் சொல்லணும். வேற ஒரு வார்த்தை வரக் கூடாது. எங்க, சொல்லுங்க."

"ஆத்தாளுக்குத் தெரியும். ஆனா ஒண்ணு மாலதி, அந்த மெஸ்ஸுக்காரன்…"

"ஆனா கிடையாது!"

விளக்கு வைத்ததும் கும்மி கொட்டுவதற்குக் கோயில் வாசலில் கூட்டம் சேர்ந்தது. நான் போனதும் கும்மி நின்றது. பூசாரி முனீஸ்வரன் வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். என் தொழிலில் எனக்கு அடுத்த இடத்தில் இருக்கிற பிச்சையம்மாள், முதலிடத்தின் வாசனை பிடித்தவளாக முன்னால் வந்து நின்றாள்.

"ஏத்தா உமா, ஊரு கேக்குது. எல்லை தாண்டுனியா?" என்றார் பூசாரி.

"ஆத்தாளுக்குத் தெரியும்."

"நெத்திலி முறுகலயாம்ல?" என்றாள் பிச்சையம்மாள்.

"ஆத்தாளுக்குத் தெரியும்."

"நெத்திலி முறுகாதது கூடவா ஆத்தாளுக்குத் தெரியும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

மாலதி எழுந்து, ஒத்திகை பார்த்தபடி பேட்டரி, இமானுவேல், பஸ் எல்லாவற்றையும் அழகாக அடுக்கினாள். "அத்தை புள்ளியும்தான் அக்காள்மடத்துல நின்னுச்சு. அத்தை எங்க இருந்துச்சு? பாரி வீட்டுல. புள்ளிய நம்பி ஆளைக் குத்தம் சொன்னா, முதல்ல அத்தை பாரியத்தான் வெளிய வைக்கணும்."

பூசாரி தாடையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான். எங்க பாண்டித்துரை அண்ணன் புள்ளியும் நாள் பூராக் கொல்லையில வேப்ப மரத்துலதான் இருக்கு. ஆளு டீக்கடையில." என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். "சரி, விடுங்கப்பா. போன் போனதுக்கு ஆளு என்ன பண்ணும்? கும்மியக் கொட்டுங்க."

தப்பித்தேன். என் பாரி, என் வேண்டுதல், என் பேத்தி, எல்லாம் தப்பித்தன. பெண்கள் வட்டமாக நிற்கத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து நின்ற ராக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"போனைக் குடுத்துவிட்டும் என்னக்கா புண்ணியம்? அவுக அப்பா போனுல பேசுனா, வீடியோவுல மூஞ்சிய மட்டுந்தான் காட்டுறான். கையக் காட்டுடான்னா பேச்ச மாத்துறான். என்னமோ ஆயிருச்சு என் பிள்ளைக்கு. எங்கிட்ட மறைக்கிறான்."

அவளுக்கு அந்தப் பக்கம் மாலதி நின்றாள். இத்தனை நேரம் ஊரையே மடக்கிப் பேசியவள், அதைக் கேட்டதும் கும்மிக்குத் தூக்கிய கையை இறக்கிவிட்டாள்.

நான் வாயை மூடித்தான் வைத்திருந்தேன். பல்லைக் கடித்துத்தான் வைத்திருந்தேன்.

"அழாதடி, ஒண்ணும் இல்ல. ரெண்டு விரலுல தையல், அம்புட்டுத்தான். ஐஸ் மிசின் இழுத்துருச்சு. நல்லாத்தான் இருக்கான், கொஞ்சம் இளைச்சிருக்கான்."

கும்மி மறுபடி நின்றது. ராக்கு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ எப்பக்கா பாத்த?"

மாலதிக்கு அந்தக் கேள்வியெல்லாம் காதில் விழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விரலு மடங்குதா பெரியத்தை?"

"நல்லா மடங்குதுடி. அவன் கையாலதான நெத்திலிய என் இலையில எடுத்து வச்சான்."

இடது கையால் தள்ளி வைத்தான் என்பதுதான் உண்மை. அந்த நேரத்தில் அவளுக்கு வலது கையாக இருக்கட்டும் என்று தோன்றியது. அழுகிற இரண்டு பெண்களைப் பார்த்து இரக்கப்பட்டு, என் வேண்டுதலையே விட்டுக்கொடுத்துச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். சேதி உள்ளே இருந்தால் அதற்கு அரிக்கும். சகலத்தை மாலதி எனக்காக ஜெயித்துக் கொடுத்தாள். சகலத்துக்கு முந்தைய ஆப்பான என் வாயிடம் நான் தோற்றுப்போனேன்.

என் வீட்டுக்காரர் மெதுவாக என் பக்கத்தில் வந்தார். "ஆத்தாளுக்குத் தெரியும்னு சொன்னியே, அப்படியே விட்டுருக்கலாம்ல? எதுக்கு எங்களுக்கும் தெரியப்படுத்துற?"

பூசாரி எதையும் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. என் கைக் காப்பை அவரே அவிழ்த்தார். "பாரி என்ன பாவம் பண்ணுச்சு? முளைச்சது முளைச்சதுதான். ஊருணிக்குப் போகட்டும். ஆனா உன் தலையில போக முடியாது தாயி. விரதம் காத்தவ யாராச்சும் தூக்குனா வேண்டுதல் சேந்துரும்."

விரதம் காத்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். ஒவ்வொருத்தியைப் பற்றியும் நான் ஊரில் சொல்லியிருந்த ஏதாவது ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. அவர்களுக்கும் வந்திருக்கும். எல்லோரும் கோபுரத்தைப் பார்த்தார்கள்.

"நான் தூக்குறேன்" என்றாள் மாலதி. மாமியாரோடு சேர்ந்து அவளும் விரதம் இருந்தாள், பாரிதான் போடவில்லை. பிறகு என் காதோரம் வந்து, "ஒண்ணு கேப்பேன்னு சொன்னேன்ல" என்றாள்.

"கேளு."

"என்னைய வெளிய விடுங்க."

அங்கேயே போனைப் போட்டேன். ஆறு மாதமாகக் காத்துக் கிடந்த விண்ணப்பத்துக்கு 'ஒப்புதல்' கொடுத்தேன். மாலதியின் புள்ளி அணைந்தது. ஆளோ என் எதிரே நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பிரபுவுக்குப் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அதே சூட்டில் நானும் வெளியேறினேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். குடும்ப அரட்டையில் வந்து குவிந்த நெத்திலிப் படங்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் சத்தமில்லாமல் வெளியேற சகலம் விடுமா? 'குடும்பத் தலைவி உமாமகேஸ்வரி குடும்பத்தை விட்டு வெளியேறினார்' என்று எல்லோருக்கும் தண்டோரா போட்டது. திருப்பூரிலிருந்து மருமகன் அழைத்தார்: "அத்தே, மாமாகூட எதும் சண்டையா? சொத்துப் பிரச்சினையா?" சென்னையிலிருந்து என் வீட்டுக்காரரின் தம்பி மகன் அழைத்து அழுதான். பரமக்குடியில் இருக்கிற என் அண்ணன், சமாதானம் பேச நாலு பேரோடு கார் பிடித்து வந்தே விட்டார். வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, நான் யாரையும் விட்டு எங்கேயும் போகவில்லை என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இருந்தபோது ஊருக்கு மட்டும்தான் சிரிப்பு. வெளியேறியபோது ஏழு மாவட்டத்துக்கும் சேதி.

ஊரில் வேறு யாரும் வெளியேறவில்லை. பஸ் தள்ளுபடி இருக்கிறது, தண்ணீர் கேன் வருகிறது. இப்போது குடும்பத் தலைவி பிச்சையம்மாள். நான் முழு டிக்கெட் எடுத்துப் போகிறேன். கோழிக்கூட்டிலிருந்து செங்கல்லை உருவிவிட்டேன்.

கடைசி நாள் மேளம் முன்னால் போக, பாரிகள் தெருவில் வந்தன. ராக்கு தன் பாரியைச் சுமந்தாள். அவள் பின்னால் மாலதி, என் பாரியோடு. நான் மதுமதியின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நடந்தேன். தெருவோரத்தில் இருந்து யாரோ "நெத்திலி!" என்றார்கள். பிள்ளை சிரித்தது. ஊருணிப் படித்துறையில் மாலதி இறங்கி, பாரியைத் தண்ணீரில் வைக்குமுன் திரும்பி எங்களைப் பார்த்தாள். நான் பிள்ளையின் கையைப் பிடித்து ஒரு முளையைத் தொட வைத்தேன். பிறகு அவள் அதைத் தண்ணீரில் விட்டாள்.

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. சகலம்தான். போன பிறகும் அதற்கு என்மேல் அக்கறை. 'நீங்கள் ஏன் குடும்பத்தை விட்டு வெளியேறினீர்கள்?' என்று கேட்டு, வரிசையாகக் காரணங்களைக் கொடுத்திருந்தது. எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் இருந்த 'மற்றவை' என்பதை அழுத்தினேன். உடனே ஒரு பெட்டி திறந்தது: 'என்னவென்று விரிவாகச் சொல்லுங்கள்.'

படித்துறையில் ராக்குவும் மாலதியும் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு, தலையோடு தலை ஒட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்கவில்லை.

பெட்டியைக் காலியாக விட்டு, போனை மூடினேன்.